தம்ளர் அடியில் ஒரு பெண் தலை: பழைய வெள்ளி முத்திரைகள் குறித்த விவாத இழை

5 அக்டோபர் 2025, காலை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த கேள்வி

எங்கள் பாட்டி புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொண்டுவந்த வெள்ளித் தம்ளர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அடிப்பாகத்தில் மிகச் சிறிதாக ஒரு பெண்ணின் தலையும், அதை ஒட்டிச் சாய்சதுரக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்துகளும் குத்தப்பட்டிருக்கின்றன. பாட்டியின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியபோது அந்த எழுத்துகளில் ஒன்று பாதி அழிந்துவிட்டது. அது விக்டோரியா ராணியின் தலை, ஆகவே தம்ளர் 1837க்கும் 1901க்கும் இடைப்பட்ட ஆங்கிலேய வெள்ளி என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் காட்டியபோது, நம் ஊர் ஹால்மார்க் இல்லாததால் 70 டச்சுக்குத்தான், அதாவது நூற்றில் 70 பங்கு வெள்ளி என்ற கணக்கில்தான், எடுக்க முடியும் என்றார்கள். யார் சொல்வது சரி?

5 அக்டோபர் 2025, இரவு

இருவர் சொல்வதும் சரியில்லை. படத்தைப் பார்க்காமலே இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் அந்தச் சாய்சதுரம். பிரான்சில் வெள்ளி வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஒரு சின்னத்தையும் சாய்சதுரக் கட்டத்துக்குள் அடக்கித்தான் குத்த வேண்டும் என்று 1797 நவம்பர் 9ஆம் நாள் சட்டம் கட்டாயமாக்கியது. ஆங்கிலேயத் தட்டார்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவர்களுடைய கட்டம் பெரும்பாலும் செவ்வகமாகவோ நீள்வட்டமாகவோ, எழுத்துகளைச் சுற்றி வெட்டியதாகவோ இருக்கும். சாய்சதுரத்துக்குப் பக்கத்தில் பெண் தலை இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் மினர்வா என்ற ரோமானியத் தெய்வத்தின் தலை.

விக்டோரியாவின் தலை ஆங்கிலேய வெள்ளியில் இருந்தது உண்மைதான். ஆனால் அது வரி கட்டியாயிற்று என்பதற்கான அடையாளம். 1784இல் தொடங்கிய அந்த வரி 1890இல் எடுக்கப்பட்டதோடு தலையும் போய்விட்டது. ஆகவே 1901 வரை என்ற கணக்கு எப்படிப் பார்த்தாலும் உதைக்கிறது. விக்டோரியா இடப்பக்கம் பார்ப்பார், தலையில் கவசம் இருக்காது, இங்கிலாந்தில் குத்தியதானால் கூடவே நடக்கும் சிங்கம் ஒன்றும் இருக்கும். மினர்வா போர்க்கவசத் தொப்பி அணிந்து வலப்பக்கம் பார்ப்பாள், தனியாகவே நிற்பாள்.

6 அக்டோபர் 2025

படம் அனுப்புவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றை வாங்குங்கள். பிறகு தம்ளரை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி திருப்புங்கள். நேராக விளக்கடித்து எடுத்த படத்தில் வெள்ளி வெள்ளையாகத்தான் தெரியும், முத்திரை தெரியாது. தேய்க்க வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், எதுவும் வேண்டாம்.

8 அக்டோபர் 2025

படங்கள் வந்தன, மினர்வாதான். கட்டம் எண்கோணமாக இருக்கிறது. தலைக்குப் பக்கத்தில் 1 என்ற இலக்கம் நன்றாகவே தெரிகிறது. இதன் பொருள் முதல் தரம், அதாவது ஆயிரத்தில் 950 பங்கு வெள்ளி. இலக்கம் 2 ஆக இருந்திருந்தால் 800. நம் கடைவீதிக் கணக்கில் சொன்னால் உங்கள் தம்ளர் 95 டச். 70க்கு எடுப்பதாகச் சொன்னவர் ஒவ்வொரு நூறு கிராமிலும் 25 கிராம் சுத்த வெள்ளியை இலவசமாகக் கேட்டிருக்கிறார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். தெரியாத முத்திரையைக் கண்டால் குறைத்துக் கேட்பது உருக்குவதற்கு வாங்குகிறவரின் தற்காப்பு. தெரிந்துகொள்வது விற்கிறவர் தலைமேல் விழுந்த வேலை.

மினர்வா காலத்தைக் காட்டமாட்டாள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1838 மே 10 முதல் இன்றுவரை பிரான்சின் வெள்ளி முத்திரை அவள்தான். அதற்கு முன் 1798 முதல் 1819 வரை சேவல், 1819 முதல் 1838 வரை ஒரு கிழவரின் தலை. சேவலையோ கிழவரையோ பார்த்தால் மட்டும் காலம் தானாகவே குறுகிவிடும். மினர்வா பொருளில் காலத்தைச் சொல்ல வேண்டியது சாய்சதுரம். வேலைக்காரர் தம் முத்திரையை அரசு அலுவலகத்தில் ஒரு செப்புத்தகட்டில் குத்திப் பதிவு செய்வார், பட்டறையை மூடினால் அதை அடித்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு சாய்சதுரத்துக்கும் ஒரு பிறப்பும் ஒரு முடிவும் உண்டு. உங்கள் தம்ளரில் நடுச்சின்னம் நட்சத்திரம் போல இருக்கிறது, வலப்பக்க எழுத்து தெளிவாகத் தெரிகிறது, இடப்பக்க எழுத்தின் மேல் பாட்டியின் பெயரில் உள்ள ஒரு கொம்பு உட்கார்ந்திருக்கிறது. பெயர் வெட்டியவர் பாத்திரக்கடை வாசலில் சின்ன உளியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு வரிசையாகப் புள்ளி குத்துகிறவராக இருந்திருப்பார். முத்திரை இருந்த இடம்தான் வெட்டுவதற்கு வாகாக இருந்திருக்கும்.

9 அக்டோபர் 2025

சிலர் கேட்டிருக்கிறார்கள்: ஒரு கரண்டியில் எதற்கு இத்தனை முத்திரை, தரத்தைச் சொல்ல ஒன்று போதாதா? போதும், முத்திரையின் நோக்கம் தரம் மட்டுமாக இருந்திருந்தால்.

இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டின் சட்டம், வெள்ளிப் பொருள் நாணயத்தின் தரத்துக்குக் குறையக் கூடாது, அதாவது ஆயிரத்தில் 925 இருக்க வேண்டும் என்றும், சோதித்துத் தேறியதில் சிறுத்தைத் தலை குத்த வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 1478இல் ஆண்டெழுத்து வந்தது. இது வாங்குகிறவர் வயதைக் கண்டுபிடிப்பதற்காக வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எந்த ஆண்டு எந்தச் சோதனை அதிகாரி தேற்றினார் என்பதைப் பிடிப்பதற்காக வந்தது. தரம் குறைந்த பொருள் பின்னால் அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆளை அந்த எழுத்து காட்டிக்கொடுக்கும். 1544இல் நடக்கும் சிங்கம் சேர்ந்தது. 1697இல் வேடிக்கையான திருப்பம் ஒன்று நடந்தது. நாணயத்தை உருக்கிப் பாத்திரம் செய்கிறார்கள் என்று அரசு பாத்திரத்தின் தரத்தை நாணயத்தைவிட உயர்த்தி 958 ஆக்கி, சிங்கத்தை எடுத்துவிட்டுப் பிரிட்டானியா என்ற பெண்ணுருவத்தை வைத்தது. ரூபாயை உருக்கித்தான் கொலுசு செய்தோம் என்று பெருமையாகச் சொல்லும் நம் வீடுகளுக்கு இந்தச் சட்டம் விளங்காமல் இருக்காது. 1720இல் பழைய தரம் திரும்பியது.

பிரான்சில் புரட்சிக்கு முந்தைய முறை இதைவிட வெளிப்படையானது. ஒரு பொருளில் நான்கு முத்திரைகள் இருக்கும்: செய்தவருடையது, தரம் பார்த்த தட்டார் சங்கத்துடையது, மற்ற இரண்டும் வரி வசூலிப்பவருடையவை. பொருள் பாதி வேலையில் இருக்கும்போதே வரிக்காரர் வந்து ஒன்றைக் குத்தி, இது என் கணக்கில் இருக்கிறது என்று எழுதிக்கொள்வார். வேலை முடிந்து வரி கட்டிய பிறகு இன்னொன்றைச் சிறிதாகக் குத்தி விடுவிப்பார். ஆகவே முதல் வரி முத்திரை மட்டும் இருந்து, விடுவிப்பு முத்திரை இல்லாத ஒரு பொருள் கையில் கிடைத்தால், அந்தக் காலத்தில் அது சட்டப்படி விற்கத் தகாதது.

இந்தப் பக்கம் அப்படிப்பட்ட பழைய பிரெஞ்சு வெள்ளி அரிதாகத்தான் கண்ணில் படும். பிரான்சிலேயே அது அரிது. 1689இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காகத் தம் வெள்ளி மேசை நாற்காலிகளையே உருக்கினார். நாட்டாரையும் உருக்கச் சொன்னார்.

11 அக்டோபர் 2025

வில்லியனூர் வாசகர் ஒருவரின் ஐயம் நியாயமானது: முத்திரையே போலியாக இருந்தால் என்ன செய்வது? போலி முத்திரை குத்துவதைக் காட்டிலும் சாமர்த்தியமான வழி ஒன்று 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்தது. 1720இல் வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி வந்தவுடன், சில தட்டார்கள் கையளவு கிண்ணம் ஒன்றைச் செய்து சோதனைக்கு அனுப்பிச் சிறிய வரியைக் கட்டுவார்கள். முத்திரையோடு வந்த அந்த வட்டத் தகட்டை வெட்டி எடுத்து, பெரிய காப்பிக் கூஜாவின் அடியில் பற்றாசுப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துவிடுவார்கள். முத்திரை அசல், வெள்ளியும் பெரும்பாலும் அசல், வரி மட்டும் ஏமாற்று. 1758இல் அந்த வரி எடுக்கப்படும்வரை இது நடந்தது. இதே தந்திரத்தைப் பின்னால் பழம்பொருள் வியாபாரத்தில் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள்: உடைந்த பழைய கரண்டியின் முத்திரையை வெட்டிப் புதிய பாத்திரத்தில் ஒட்டினால் பாத்திரத்துக்கு நூறு வயது கூடிவிடும்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முத்திரை உள்ள இடத்தில் வாயைக் குவித்து நீண்ட மூச்சு விடுங்கள். ஆவி படிந்து விலகும் ஒரு நொடியில், பற்றவைத்த கோடு இருந்தால் அது வெள்ளியிலிருந்து வேறுபட்டு ஒரு வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். பொடியில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருப்பதால் அதன் நிறம் ஒத்துப்போகாது. இதை எனக்குக் காட்டியவர் என் தாய்மாமன். புதுச்சேரியில் சின்னப் பட்டறை வைத்திருந்த அவருக்கு ஐரோப்பிய முத்திரை எதுவும் தெரியாது. ஒட்டுப்போட்ட குத்துவிளக்கைப் பார்ப்பதற்காக அவர் வைத்திருந்த வழி அது.

12 அக்டோபர் 2025

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் 'ஏ1' முத்திரை போட்ட கரண்டி வாங்கினேன், ஒன்றாம் தர வெள்ளிதானே என்று கேட்ட நண்பருக்கு: இல்லை. தனித்தனிக் கட்டத்தில் பழைய பாணி எழுத்துகளில் ஈ, பி, என், எஸ் என்று இருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் மின்முலாம். ஏ1 என்பது முலாமின் தடிப்பைப் பற்றி விற்பவர் தாமே கொடுத்துக்கொண்ட பட்டம். நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் அந்த அடிக்கலவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தது. அதில் மருந்துக்கும் வெள்ளி கிடையாது. எல்கிங்டன் நிறுவனம் 1840இல் பர்மிங்காமில் மின்முலாம் உரிமையைப் பெற்ற பிறகு இவை மலையாகக் குவிந்தன. எழுத்துகளை நான்கு கட்டங்களில் வரிசையாகக் குத்தியதே அசல் முத்திரை வரிசை மாதிரித் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான்.

பிரெஞ்சு முலாமில் இந்தக் குழப்பம் குறைவு. முலாம் வேலைக்காரரின் கட்டம் சதுரமாக இருக்க வேண்டும், சாய்சதுரம் கூடாது என்று அதே 1797 சட்டம் சொல்லியிருக்கிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் கிடைக்கும், கிறிஸ்டோஃபிள் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கரண்டிகளில் தராசு பொறித்த முத்திரை இருக்கும். அவை அருமையான முலாம், ஆனால் முலாம். விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், உருக்கக் கொண்டுபோகாதீர்கள்.

15 அக்டோபர் 2025

இந்த இழையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், முத்திரை இல்லாவிட்டால் வெள்ளி மட்டம் என்ற முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பதில்களைப் பார்த்தால் தோன்றுகிறது. அது முழுத் தவறு. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்தியாவில் அரசு சோதனைக்கூட முறை எதுவும் இயங்கவில்லை. இங்கே செய்த வெள்ளியில் அரசு முத்திரை இருக்க வழியே இல்லை.

அப்படியானால் சென்னையில் செய்த பொருள்களில் இருப்பவை என்ன? பெரும்பாலும் கடைப்பெயர்கள். மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் செய்வித்த 'சாமி வெள்ளி' பெயர்பெற்றது: தேநீர்க் கூஜாவைச் சுற்றிலும் சாமி உருவங்கள் புடைத்து நிற்கும், அடியில் ஓர் என்ற பெயர் குத்தியிருக்கும். கல்கத்தா ஹாமில்டன் நிறுவனம் ஒரு படி மேலே போய், தன் பெயரெழுத்துகளோடு யானை போன்ற உருவங்களையும் ஓர் எழுத்தையும் வரிசையாகக் குத்தியது. தூரத்திலிருந்து பார்த்தால் லண்டன் முத்திரை வரிசை போலவே இருக்கும். இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாங்கியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். அடியைத் திருப்பிப் பார்த்து நாலு கட்டம் இருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைக் கடைக்காரர் கொடுத்தார். அந்த முத்திரைக்குப் பின்னால் கடையின் பெயர் இருந்தது, அரசின் பெயர் இல்லை. படிக்கும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

நம் வீடுகளுக்காக நம் பத்தர்கள் செய்ததில் அதுவும் கிடையாது. வாடிக்கைக் குடும்பம் தன் பத்தரை மாற்றாது. அவர் வீட்டுக்கே வந்து, கொடுத்த நாணயத்தை எண்ணி வாங்கி, உருக்கி, செய்து, அதே எடைக்குக் கணக்குச் சொல்வார். ஆள் தெரிந்த இடத்தில் முத்திரை எதற்கு? பொருள் மூன்று கை மாறி, ஆள் யாரென்று தெரியாமல் போன பிறகுதான் முத்திரை இல்லாதது குறையாகிறது.

நாணயத்தின் கணக்கு இங்கே உதவும். 1835 முதல் அச்சிட்ட ஒரே சீரான ரூபாய் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 91.67 டச். பழைய ரூபாயை உருக்கி அப்படியே அடித்த பாத்திரம் 91, 92 என்று காட்டுவதில் வியப்பில்லை. புதுச்சேரியில் இன்னொரு வகையும் உண்டு. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்குப் போய்வந்த சொல்தா குடும்பங்கள் அங்கிருந்து பியாஸ்தர் வெள்ளிக் காசுகளைக் கொண்டுவந்தன. அந்தப் பெரிய காசு 27 கிராம், 900 தரம். பிரெஞ்சு ஐந்து பிராங்குக் காசும் 25 கிராம், அதே 900. எனக்குத் தெரிந்த ஒரு சொல்தா வீட்டில் காசை உருக்கிச் செய்ததாகச் சொல்லும் சந்தனக் கிண்ணம் 90 காட்டியது. அதே வீட்டின் மருமகள் கடலூர் முதுநகரிலிருந்து கொண்டுவந்த கிண்ணம் 92 சொச்சம் காட்டியது. இரண்டிலும் ஒரு முத்திரையும் இல்லை.

1940 முதல் அச்சிட்ட ரூபாயை நம்ப வேண்டாம். போர்க்காலத்தில் அதன் வெள்ளியைப் பாதிக்குப் பாதி ஆக்கிவிட்டார்கள்.

16 அக்டோபர் 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, 90 காட்டினால் பியாஸ்தர், 92 காட்டினால் ரூபாய் என்று யாராவது சட்டமாக எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று தோன்றியது. எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்தர் செம்பு கூட்டியிருக்கலாம், வீட்டுக்காரர் பழைய மெட்டியையும் அரைஞாணையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். வீட்டுக்கதையும் எண்ணும் ஒத்துப்போகும்போது மட்டும் இந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு.

இன்னொன்று: கடையில் வைத்திருக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி மேல்தோலைத்தான் படிக்கிறது. வெள்ளியைச் சூடாக்கி அமிலத்திலோ புளித்தண்ணீரிலோ போட்டு வெளுக்கும்போது மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்துபோய், உள்ளே இருப்பதைவிடச் சுத்தமான ஒரு மெல்லிய வெள்ளித்தோல் மிஞ்சும். பழைய பொருள் பலமுறை வெளுக்கப்பட்டிருக்கும். அதனால் தேயாத இடத்தில் 94 என்றும் தேய்ந்த விளிம்பில் 90 என்றும் அதே கருவி காட்டும். ஒட்டின் பக்கத்தில் வைத்தால் இன்னும் கீழே இறங்கும். ஒரே இடத்தில் ஒரு முறை வைத்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள், சம்மதிக்கவும் செய்யாதீர்கள். தேய்ந்த இடம், தேயாத இடம், அடி என்று மூன்றிலும் வைக்கச் சொல்லுங்கள். உரைகல் இந்த வகையில் நேர்மையானது. கொஞ்சம் உரசியவுடனே உள் வெள்ளி வந்துவிடும்.

18 அக்டோபர் 2025

தீபாவளிக்குப் பாத்திரம் துலக்குகிறவர்கள் கவனத்துக்கு. விபூதி பரவாயில்லை, மெத்தென்ற துணியில் தொட்டு லேசாகத் துடைக்கலாம். பல்பொடி, சாம்பல், தேங்காய் நார் மூன்றும் முத்திரைக்கு எமன். முத்திரையின் ஆழம் ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. நான் பார்த்த ஒரு பிரெஞ்சுத் தட்டில் சாய்சதுரத்தின் கட்டம் மட்டும் இருந்தது, உள்ளே வழவழவென்று கண்ணாடி. மூன்று தலைமுறையும் சுத்தமான குடும்பம்.

முத்திரைக் குழிக்குள் இருக்கும் கறுப்பு அப்படியே இருக்கட்டும். அதனால்தான் படிக்க முடிகிறது.

19 அக்டோபர் 2025

வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருந்த, பிறைச்சந்திரன் முத்திரையுள்ள கரண்டியைப் பற்றிய விவாதம் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் அது புதுச்சேரி அக்கசாலையின் பிறை என்கிறார். அவர் சொல்வதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 1736இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து பிரெஞ்சு ஆளுநர் துய்மா ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். புதுச்சேரியில் அச்சிட்ட ஆற்காட்டு ரூபாயைப் பிறை அடையாளத்தை வைத்துத்தான் சேகரிப்பாளர்கள் பிரித்தறிகிறார்கள். ஆனால் அது காசின் அடையாளம், கரண்டியின் முத்திரை அல்ல.

படத்தில் பிறைக்குப் பக்கத்தில் ஒரு கிரீடமும் 800 என்ற எண்ணும் இருக்கின்றன. பிறை, கிரீடம், எண் மூன்றும் சேர்ந்து வந்தால் அது ஜெர்மனி. 1884 சட்டப்படி 1888 முதல் நாடு முழுவதற்கும் வந்த முத்திரை. அந்தக் கரண்டிக்கு நவாப் காலத்துப் பெருமை எதுவும் கிடையாது, 80 டச் மட்டும் உண்டு.

இதே படத்தில் கைப்பிடியின் பின்புறம் ஆணியால் கீறியது போல வளைந்து வளைந்து ஒரு கோடு இருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோதனைக்காக அதிகாரி வெள்ளியைச் சுரண்டி எடுத்த தடம் அது. பழைய ஜெர்மானிய, வட ஐரோப்பிய வெள்ளியில் காணப்படும். தரங்கம்பாடி 1845 வரை டேனியர் கையில் இருந்த ஊர். அங்கிருந்து வரும் பழைய தட்டுகளைப் பார்க்கக் கிடைத்தால் மூன்று கோபுரங்கள் பொறித்த கோபன்ஹேகன் முத்திரையையும் இந்தக் கீறலையும் தேடிப் பாருங்கள். கீறல் என்று நினைத்து மெருகு போடக் கொடுத்துவிட வேண்டாம்.

22 அக்டோபர் 2025

மினர்வாவுக்கு நேர் பின்புறம் ஏதோ பூச்சி அரித்த தடம் போல இருக்கிறது, வெள்ளியில் பூச்சி விழுமா என்று கேட்டவருக்கு: விழாது, ஆனால் அது பூச்சிதான். முத்திரை குத்தும்போது பொருளைத் தாங்கும் பட்டடையின் முகத்திலேயே பூச்சி உருவங்களை நுணுக்கமாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். மேலே அடி விழும்போது கீழேயும் பதியும். போலி முத்திரை செய்கிறவர் மேல் அச்சை வெட்டிவிடுவார். அரசுப் பட்டடையின் பூச்சி வரிசை அவரிடம் இருக்காது. தகடு மெல்லியதாக இருந்தால் நன்றாகவே தெரியும். அதைப் பார்த்துவிட்டால் முன்பக்க முத்திரையைப் பற்றி எனக்கு ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மெல்லிய சிறு பொருள்களில் மினர்வாவுக்கு இடம் இருக்காது. அவற்றில் 1838 முதல் பாரிசில் காட்டுப்பன்றித் தலையும் மற்ற ஊர்களில் நண்டும் குத்தினார்கள். கட்டத்துக்குள் ஓர் அன்னம் இருந்தால், அந்தப் பொருள் எங்கே செய்தது என்று தெரியாமல் 1893க்குப் பிறகு பிரான்சில் விற்பனைக்கு வந்து, குறைந்தது 800 தரம் இருக்கிறது என்று தேறியது. இங்கிருந்து பாரிசுக்குக் குடிபோன வீடுகளின் வெற்றிலைப் பெட்டியில் அன்னம் இருந்தால் அதைப் பிரெஞ்சுப் பொருள் என்று அங்கே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அன்னம் சொல்வது, எங்கே செய்தது என்று தெரியாது என்பதைத்தான்.

27 அக்டோபர் 2025

பழைய வெள்ளியில் இப்போது நம் ஊர் ஹால்மார்க் போட்டு வாங்கிவிட்டால் விலை கூடுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளிக்கு ஹால்மார்க் கொடுக்கத் தொடங்கியது 2005இல். ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஆறிலக்க அடையாளம் வெள்ளிக்கு வந்தது இந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், அதுவும் விருப்பத்தின் பேரில்தான். அமைவனத்தின் செயலியில் அந்த அடையாளத்தைப் போட்டுப் பார்த்தால் விவரம் வந்துவிடும். புதுக் கொலுசு வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள். பழைய பொருளில் புதிதாகக் குத்துவதை நான் விரும்பமாட்டேன்: உருக்குகிறவருக்கு அது உதவும், சேகரிக்கிறவருக்கு அது ஒரு தழும்பு.

2 நவம்பர் 2025

லாஸ்பேட்டை வாசகியின் கேள்வியோடு இழை வேறு திசைக்குப் போகிறது, ஆனால் அவசியமான திசை. பாரிசில் இருக்கும் மகளுக்குப் பாட்டியின் பன்னிரண்டு கரண்டிகளைப் பெட்டியில் வைத்து அனுப்பலாமா என்று கேட்கிறார்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம்; தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மீறினால் சிறைத்தண்டனைவரை போகும். பிரான்சில் செய்து இங்கே வந்தது, மறுபடி பிரான்சுக்குத்தானே போகிறது என்ற வாதம் விமான நிலையத்தில் எடுபடும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறை, பொருளைப் பார்த்து இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போதுதான் முத்திரை உண்மையில் வேலை செய்யத் தொடங்குகிறது. கரண்டியில் சேவலோ கிழவரோ இருந்தால் நூறு ஆண்டு தாண்டிவிட்டது என்பதில் பேச்சே இல்லை, அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடலாம். மினர்வா இருந்தால் 1838 ஆகவும் இருக்கலாம், 1960 ஆகவும் இருக்கலாம். சாய்சதுரத்தின் எழுத்துகளும் சின்னமும் தெளிவாகத் தெரியும் நெருக்கப் படத்தையும், அந்த வேலைக்காரர் முத்திரை எந்த ஆண்டு பதிவாகி எந்த ஆண்டு அடிக்கப்பட்டது என்ற விவரத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள். தராசு பொறித்த சதுர முத்திரை இருந்தால் அது முலாம், ஆனால் முலாமுக்கும் வயது உண்டு. எல்கிங்டனிடமிருந்து கிறிஸ்டோஃபிள் உரிமை வாங்கியது 1842இல்.

பன்னிரண்டும் ஒரே சாய்சதுரம்தானா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பழைய வீட்டுத் தொகுப்புகளில் தொலைந்துபோன இரண்டு மூன்றுக்குப் பதிலாகப் பின்னாளில் வாங்கிச் சேர்த்தவை இருக்கும். அப்படி இருந்தால் புதியவற்றுக்குச் சான்றிதழ் கிடைக்கும், பழையவற்றுக்குக் கிடைக்காது. விண்ணப்பத்தைத் தனித்தனியாகப் போடுங்கள்.